பாறுகள் மறைந்த வரலாறு



வரலாறு என்றவுடன் அரசர்களின் பெயர்களும் போர்கள் நிகழ்ந்த ஆண்டுகளுமே உங்கள் நினைவுக்கு வருதல் கூடும். அவை வேண்டியவையே, அவற்றைக் கற்பிப்பதிலேயே என் வாழ்நாளின் பெரும்பகுதி கழிந்தது. ஆயினும், முடி சூடாத உயிர்களுக்கும் வரலாறு உண்டு. ஒரு மருந்தினால் ஒரு பறவைக் குலம் வீழ்ந்த வரலாற்றை இன்று உங்களுக்குக் கூற விரும்புகிறேன்.

1980களில், இளம் ஆசிரியனாக இருந்தபோது, என் மாணவர்களைத் திருக்கழுக்குன்றத்திற்கு அழைத்துச் சென்றேன். நண்பகலில் மலைமேல் பொங்கலுடன் அர்ச்சகர் காத்திருந்தார். வெண்ணிறச் சிறகும் மஞ்சள் முகமும் கொண்ட பறவைகள் வானிலிருந்து இறங்கி வந்து, பொங்கலை உண்டு சென்றன. “இவை நாளையும் வருமா, ஐயா?” என்று ஒரு சிறுவன் வினவினான். “தலைமுறை தலைமுறையாக வருகின்றன, நாளையும் வரும்” என்று ஐயமின்றி விடை பகர்ந்தேன். இன்று அப்பறவைகள் அங்கு வருவதில்லை.

அவை பாறு இனத்தைச் சேர்ந்தவை. எருவை என்றும் பாறு என்றும் நம் முன்னோர் வழங்கிய இவ்வினத்தில் பல வகைகள் உண்டு. பிணந்தின்னி என்று இவற்றை இகழ்வோர் பலர். ஆனால், ஊர்ப்புறத்தில் எறியப்பட்ட மாட்டின் உடலைக் கூட்டமாக வந்து விரைவில் வெற்றெலும்பாக்கிவிடும் துப்புரவாளர் இவையே. இவற்றின் வயிற்றிலுள்ள கடுமையான அமிலம் நோய்க்கிருமிகள் பலவற்றையும் அழித்துவிடும். கூலி கேளாமல் இத்தொண்டு புரிந்த பாறுகள் 1980களில் நம் நாட்டில் கோடிக்கணக்கில் இருந்தன.

இராசத்தான் மாநிலத்துப் பரத்பூரில் கேவலாதேவ் என்னும் புகழ்பெற்ற பறவைப் புகலிடம் உள்ளது. பறவையியல் அறிஞர் விபு பிரகாஷ் 1980களில் அங்கு வெண்முதுகுப் பாறுகளின் கூடுகளை எண்ணியிருந்தார். 1990களின் நடுவில் அவர் மீண்டும் சென்றபோது கூடுகள் பாதிக்கும் கீழே குறைந்திருந்தன. எஞ்சிய பறவைகளோ கழுத்துத் தொங்க மரக்கிளைகளில் சோர்ந்து அமர்ந்திருந்தன. நாடெங்கும் இதே நிலைதான். 1992-இல் ஆயிரம் வெண்முதுகுப் பாறுகள் இருந்தன என்று கொண்டால், 2007-இல் எஞ்சியது ஒன்றே.

இது ஏதோ ஒரு தொற்றுநோய் என்றே அறிஞர் பலர் கருதினர். விடை பாகிஸ்தானிலிருந்து வந்தது. அங்கு ஆராய்ந்த லிண்ட்சே ஓக்ஸ் என்பவரும் அவர் குழுவினரும், இறந்த பாறுகள் பலவற்றின் உள்ளுறுப்புகளில் யூரிக் அமிலம் சுண்ணாம்பு பூசினாற்போல் படிந்திருக்கக் கண்டனர். சிறுநீரகம் செயலிழந்ததன் அடையாளம் அது. அவ்வாறு இறந்தவற்றுள் 25 பறவைகளைச் சோதித்தனர். இருபத்தைந்திலும் டைக்ளோஃபெனாக் என்னும் வலி நீக்கி மருந்து இருந்தது. வேறு காரணங்களால் இறந்த 13 பறவைகளையும் சோதித்தனர். ஒன்றிலேனும் அது இல்லை. 2004-இல் இம்முடிவு வெளியாயிற்று. ஒரு காரணத்தை நிறுவ வேண்டுமாயின் அது உள்ள இடத்தையும் இல்லாத இடத்தையும் ஒப்பிட்டுக் காண வேண்டும் என்பதற்கு இதனினும் சிறந்த பாடம் வேண்டுமோ?

மாந்தரின் மூட்டு வலிக்கெனப் படைக்கப்பட்ட அம்மருந்து, 1990களில் மலிவான விலையில் மாட்டு மருத்துவத்திற்கும் வந்தது. உழைத்துத் தளர்ந்த மாடு நோவால் துடிக்கும்போது, அதை வளர்த்தவர் மனம் பொறுக்குமா? ஊசி போடச் செய்தார். மாடு சில நாட்களில் இறந்தபோது, மருந்து அதன் உடலில் எஞ்சியிருந்தது. அவ்வுடலை உண்ட பாறுகள் சில நாட்களில் மடிந்தன. நூறு சடலங்களில் ஒன்றுக்கும் குறைவானவற்றில் அம்மருந்து இருந்தாலே இவ்வளவு பேரழிவு நேரும் எனக் கணக்கிட்டுள்ளனர். ஒரே சடலத்தைப் பல பறவைகள் கூடி உண்கின்றன. ஒரு சோடிப் பாறுகளோ ஆண்டுக்கு ஒரே முட்டையிடுகின்றன. இழப்பை ஈடுசெய்வது எங்ஙனம்?

பாறு போனால் நமக்கென்ன என்று எண்ணிவிடாதீர்கள். உண்பாரற்ற சடலங்கள் அழுகின, அவற்றைத் தின்று தெருநாய்கள் பெருகின, நாய்க்கடியும் வெறிநோய் அச்சமும் மிகுந்தன, நீர்நிலைகள் மாசுற்றன. 2000 முதல் 2005 வரையிலான ஆண்டுகளில், பாறுகள் மறைந்தமையால் நம் நாட்டில் ஏறத்தாழ ஐந்து லட்சம் மக்கள் மிகுதியாக இறந்திருக்கக்கூடும் என்று இயால் பிராங்க், அனந்த் சுதர்சன் என்னும் பொருளியல் அறிஞர்கள் 2024-இல் கணித்துரைத்தனர்.

இனி, மாற்று என்ன செய்தோம் எனக் காண்போம். மாடுகளுக்கு டைக்ளோஃபெனாக் தருவதை 2006-இல் இந்தியா தடை செய்தது. மெலாக்சிகாம் என்னும் மருந்து மாட்டின் வலியையும் தீர்க்கும், பாறுக்கும் தீங்கு செய்யாது என்பது அதே ஆண்டில் நிறுவப்பட்டது. ஆயினும், மாந்தருக்கென விற்ற பெரிய குப்பிகளை வாங்கி மாட்டுக்குச் செலுத்தும் வழக்கம் நின்றபாடில்லை. எனவே 2015-இல் ஒரு குப்பியின் அளவு 3 மில்லிலிட்டராகக் குறைக்கப்பட்டது. பாறுகளுக்குத் தீங்கான கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபெனாக் ஆகிய வேறிரு மருந்துகளும் 2023-இல் கால்நடைகளுக்குத் தடை செய்யப்பட்டன. அரியானாவின் பிஞ்சோரில், இராமாயணத்துச் சடாயுவின் பெயர் தாங்கிய நிலையத்தில் பாறுகள் வளர்க்கப்படுகின்றன. நீலகிரியை ஒட்டிய மாயாற்றுப் பள்ளத்தாக்கில் எஞ்சிய பாறுகள் இன்றும் வட்டமிடுகின்றன.

நண்பர்களே, இவ்வரலாற்றில் கொடியவன் என்று சுட்ட ஒருவரும் இலர். மருந்தைக் கண்டவர் வலி தீர்க்கவே கண்டார். ஊசி போட்டவர் இரக்கத்தால் போட்டார். அம்மருந்து அடுத்து எங்கே செல்லும் என்று கேட்பார் மட்டும் இல்லாமற் போயினர். நல்லெண்ணம் மட்டும் போதாது. அதன் பின்விளைவையும் ஆராய்தல் வேண்டும். உங்களுள் மருத்துவராகவும் வேதியியல் வல்லுநராகவும் உழவராகவும் வரப்போகின்றவர்கள் அக்கேள்வியை மறவாதிருப்பீர்களாக. ‘நாளையும் வருமா?’ என்று அன்று ஒரு சிறுவன் கேட்டான். ஆராயாது விடை கூறியவன் அவனுடைய ஆசிரியனாகிய நான். கேட்டதே அறிவு என்று இன்று உணர்கிறேன்.