தன்வந்திரி மகாலும் வீட்டு நாயின் ஆபரேஷனும்

திருவையாற்றில் தியாகராஜர் வாழ்ந்த அதே காலத்தில், சுமார் 13 கிலோமீட்டர் தள்ளி தஞ்சாவூரில் ஒரு மன்னர் மருந்து ஆராய்ச்சி நடத்திக்கொண்டிருந்தார். அவர் இரண்டாம் சரபோஜி (ஆட்சி 1798–1832). சரஸ்வதி மகால் நூலகத்தால் அவரை எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவர் நடத்திய தன்வந்திரி மகாலில் மனிதர்களுக்கு மட்டுமல்ல, விலங்குகளுக்கும் மருந்து தயாரித்தார்கள் என்பது பலருக்குத் தெரியாது.

சித்தம், ஆயுர்வேதம், யுனானி, ஆங்கில வைத்தியம் ஆகிய நான்கு முறை வைத்தியர்களும் அங்கே பணியாற்றினார்கள். மன்னரிடம் சிகிச்சை பெற்ற கண் நோயாளிகளின் குறிப்புகள் இன்றும் உள்ளன. நோயாளியின் விவரம், கண்ணின் வண்ணப்படம், சிகிச்சை எல்லாம் அவற்றில் பதிவாகியிருக்கின்றன. யானை, குதிரை பற்றிய கஜ சாஸ்திரம், அசுவ சாஸ்திரம் ஆகிய படங்களுடன் கூடிய சுவடிகளும் சரஸ்வதி மகாலில் இருக்கின்றன. படைக்கு யானையும் குதிரையும், உழவுக்கு மாடும் தேவைப்பட்டன. அதனால் அவற்றின் வைத்தியத்தை எழுதி வைத்தார்கள். நாய், பூனையின் முறை பிறகுதான் வந்தது.

அந்தக் காலத்தில் ஒரு பெரிய குறை இருந்தது. மயக்க மருந்து கிடையாது! விலங்கைக் கயிற்றால் கட்டி, நாலு பேர் அமுக்கிப் பிடித்துத்தான் கத்தி வைக்க வேண்டும். சரபோஜி இறந்து 14 வருடங்கள் கழித்து, 1846ல் அமெரிக்காவில் ஈதர் வந்தது. 1847ல் குளோரோஃபார்ம். 1867ல் லிஸ்டர் கிருமிநாசினி முறையை வெளியிட்டார். சென்னையில் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903ல் தொடங்கியது.

மயக்க மருந்து வலியைப் போக்கியது, ஆனால் வளர்ப்பவருக்குப் புதிய பொறுப்பைத் தந்தது. மயங்கிக் கிடக்கும் நாய் வாந்தி எடுத்தால் அது நுரையீரலுக்குள் போய்விடும். அதனால்தான் ஆபரேஷனுக்கு முன் வயிற்றைக் காலியாக வைக்கச் சொல்கிறார்கள். எத்தனை மணி நேரம் என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். முயலால் வாந்தி எடுக்க முடியாது, அதைப் பட்டினி போடவும் கூடாது. ஏற்கனவே கொடுத்துவரும் மருந்துகளையும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உண்மையான சோதனை. வலியில் முனகுகிறதே என்று இரக்கப்பட்டு பாராசிட்டமால் கொடுத்தால் பூனை இறந்தே போகலாம். அந்த மருந்தை முறிக்கும் சக்தி பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. இபுப்ரோஃபென் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். காயம் ஆறியது போல் தெரிந்தாலும் ஆன்டிபயாட்டிக்கை டாக்டர் சொன்ன நாள்வரை கொடுக்க வேண்டும். தையலை நக்காமலிருக்கக் கழுத்தில் மாட்டிய கூம்பை, பாவம் என்று கழற்றக் கூடாது.

தஞ்சைச் சத்திரங்களைப் பற்றி 1801ல் சரபோஜி எழுதிய கடிதம் ஒன்று உண்டு. நோயில் விழுந்த வழிப்போக்கருக்குக் குணமாகும் வரை மருந்தும் பத்திய உணவும் கொடுக்கப்படுவதை அதில் சொல்கிறார். அவருடைய முத்தாம்பாள் சத்திரம் இருக்கும் ஒரத்தநாட்டில் 2012 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

ஆபரேஷன் முடிந்த நாயும் அந்த வழிப்போக்கர் மாதிரிதான். ஆனால் எங்கே வலிக்கிறது என்று அதற்குச் சொல்லத் தெரியாது. எந்த மருந்து, எத்தனை மணிக்கு, சாப்பிட்டதா, காயம் வீங்கியதா என்று ஒரு நோட்டில் எழுதி வைத்தால் டாக்டருக்கு அதுதான் நாயின் பேச்சு. நோயாளியின் நிலையைக் குறித்து வைக்கும் பழக்கம் தஞ்சைக்குப் புதியதல்ல, அரண்மனையிலேயே 200 வருடங்களுக்கு முன் இருந்ததுதான்.