இரண்டு மைக்குகளுக்கு இடைப்பட்ட காற்று

ஒரே ஒலியை இரண்டு மைக்குகள் வெவ்வேறு தொலைவிலிருந்து வாங்கும்போது, தள்ளியிருப்பதை அது சற்றுத் தாமதமாகவே எட்டுவதால், ஒன்றில் அலை முகட்டில் இருக்கும் கணத்தில் மற்றொன்றில் அகட்டில் இருக்கக்கூடும். இந்த முன்பின் நிலையையே இயற்பியலார் கட்ட வேறுபாடு என்பர். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்வதால், 34 சென்டிமீட்டர் கூடுதல் தொலைவு ஒரு மில்லிநொடித் தாமதமாகிறது. சம வலிமையுள்ள அவ்விரு பதிவுகளையும் ஒன்றாகக் கூட்டினால் 500, 1500, 2500 ஹெர்ட்ஸ் என்று வரிசையாக அதிர்வெண்கள் அழிந்து, சீப்பின் பற்களுக்கு நடுவே விழும் இடைவெளிகளைப் போல ஒலியில் பள்ளங்கள் விழும்.

இக்குறையை வேரிலேயே களையும் வழி ஸ்டீரியோவின் தொடக்கத்திலேயே பிறந்துவிட்டது என்பது வியப்புக்குரியது. இங்கிலாந்தின் இ.எம்.ஐ. நிறுவனப் பொறியாளர் ஆலன் டவர் புளூம்லைன் 1931 டிசம்பரில் விண்ணப்பித்த காப்புரிமையில், முன்னும் பின்னும் கேட்டுப் பக்கவாட்டு ஒலியை விலக்கும் இரு மைக்குகளை ஒரே புள்ளியில் செங்கோணமாக நிறுத்தும் முறையும் அடங்கும். அங்கே ஒலி இரண்டையும் ஒரே நேரத்தில் எட்டுகிறது. இடமும் வலமும் வலிமை வேறுபாட்டால் மட்டுமே பிரிகின்றன. 1934 ஜனவரியில் தாமஸ் பீச்சம் நடத்திய இசைக்குழு லண்டன் அபே ரோடு கூடத்தில் இரு தடங்களில் பதிவாகியும், ஸ்டீரியோ இசைத்தட்டு கடைக்கு வரக் கால் நூற்றாண்டு ஆயிற்று. புளூம்லைனோ 1942இல், ராடார் சோதனையின்போது நேர்ந்த விமான விபத்தில், 38 வயதிலேயே மறைந்தார்.

1958இல் ஸ்டீரியோ தட்டுகள் பரவியபோது வீடுகளில் இருந்தவை பெரும்பாலும் மோனோ கருவிகளே. 1961இல் அமெரிக்காவில் தொடங்கிய ஸ்டீரியோ பண்பலை ஒலிபரப்பிலும், இரு தடங்களின் கூட்டுத்தொகையையே மோனோ வானொலி எடுத்துக்கொண்டது. ஆகவே இரு தடங்களிலும் ஒன்றுக்கொன்று நேர் எதிராகப் பதிவான இசைக்கருவி அவ்வீட்டாருக்குக் கேட்காமலே போனது. தட்டிலோ தொல்லை வேறு வகையானது: எதிர்க் கட்டத்தில் உள்ள தாழ்சுரம் ஊசியை மேலும் கீழுமாக அசைத்து, பள்ளத்தை விட்டே துள்ளச் செய்யும் என்பதால், அதனை நடுவில் வைப்பது வழக்கமாயிற்று.

பல மைக்குகள் பெருகிய காலத்துக்கு லூ பரோஸ் 1974இல் வெளியிட்ட நூல் ஓர் அளவை நிலைநிறுத்தியது: ஒலிமூலத்துக்கும் அதன் மைக்குக்கும் உள்ள தொலைவைப் போல மூன்று மடங்காவது அடுத்த மைக் தள்ளியிருக்க வேண்டும். இது கட்ட வேறுபாட்டைப் போக்குவதில்லை. அடுத்த மைக்கில் கசியும் ஒலியைச் சுமார் 9 டெசிபெல் மெலிவித்து, பள்ளங்களின் ஆழத்தைக் குறைக்கிறது. மைக்குகள் நெருங்கியே நிற்க வேண்டிய டிரம்ஸ் பதிவில் இவ்வளவு இடம் கிடைப்பதில்லை. அங்கே பொறியாளர் ஒரு மைக்கின் அலையைத் தலைகீழாகத் திருப்பும் பொத்தானை அழுத்தி, இரு நிலைகளையும் மோனோவில் கேட்டு, தாழ்சுரம் எதில் நிறைவாக நிற்கிறதோ அதனையே கொள்கிறார்.