திருக்கடையூர் வரை போறீங்களா? பக்கத்துல இருக்கும் டேனிஷ் ஊரை விட்டுடாதீங்க: தரங்கம்பாடி குடும்பப் பயணத்துக்கு முழு கைடு

அப்பாவுக்கு அறுபது, தாத்தாவுக்கு எண்பது என்றால் தமிழ்நாட்டின் பல குடும்பங்கள் வேன் பிடிப்பது திருக்கடையூருக்குத்தான். அமிர்தகடேஸ்வரர் சன்னதியில் மாலை மாற்றி, அபிராமியைக் கும்பிட்டு, வாழை இலைச் சாப்பாடு முடித்துவிட்டு மதியமே ஊருக்குத் திரும்பிவிடுவார்கள். அங்கிருந்து தெற்கே சுமார் 8 கிலோமீட்டரில், டென்மார்க் அரசர் பெயரில் 225 ஆண்டுகள் ஆளப்பட்ட ஒரு கடலோர ஊர் இருக்கிறது. வேனில் இருக்கும் பாதிப் பேருக்கு அது தெரியாது.

அந்த ஊர்தான் தரங்கம்பாடி. இப்போது மயிலாடுதுறை மாவட்டத்தில் இருக்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போக, பெரியவர்கள் அதிகம் நடக்காமல் பார்க்க, தமிழ்நாட்டில் இதைவிடக் கச்சிதமான காலனிய ஊர் கிடைப்பது கஷ்டம். புதுச்சேரி பெரியது, கூட்டம் அதிகம். இங்கே கோட்டை, தேவாலயங்கள், கடற்கரை எல்லாமே ஒரே தெருவை ஒட்டி இருக்கின்றன.

டென்மார்க் எதற்கு இங்கே வந்தது?

பிள்ளைகள் கட்டாயம் கேட்கும் கேள்வி இது. டேனிஷ் கிழக்கிந்தியக் கம்பெனி 1616-ல் தொடங்கப்பட்டது. ஓவ் கெட்டே என்ற இளம் கடற்படைத் தளபதி தலைமையில் கப்பல்கள் முதலில் போனது இலங்கைக்கு. கண்டி அரசரோடு ஒப்பந்தம் போடுவதுதான் திட்டம், அது படியவில்லை. கம்பெனியின் இன்னொரு கப்பல் போர்த்துகீசியர்களின் தாக்குதலில் காரைக்கால் பக்கம் நாசமானது. அதில் தப்பிய ரோலண்ட் க்ராப்பே தஞ்சாவூர் அரண்மனைக்குப் போய்ச் சேர்ந்தார். தஞ்சை நாயக்கர் ரகுநாதரோ, போர்த்துகீசியர்களுக்குப் போட்டியாக இன்னொரு வியாபாரி வந்தால் நல்லது என்று நினைத்தார். 1620 நவம்பரில் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆண்டுக் குத்தகைக்கு மீனவ கிராமமும் சுற்றுவட்டாரமும் டேனியர்கள் கைக்குப் போனது. ரகுநாத நாயக்கர் டென்மார்க் அரசர் நான்காம் கிறிஸ்டியனுக்குத் தங்க ஏட்டில் எழுதி அனுப்பிய கடிதம் இன்றும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது.

அவர்கள் தேடி வந்தது மிளகும் கிராம்பும். ஆனால் அந்தச் சரக்கை விற்ற தென்கிழக்காசிய வியாபாரிகள் கேட்டது சோழமண்டலக் கரையின் பருத்தித் துணி. துணியை இங்கே வாங்கி, அங்கே கொடுத்து, மசாலாவை ஐரோப்பாவுக்கு ஏற்றுவதுதான் பிசினஸ். ஆரம்ப காலத்தில் இந்தக் கரையிலிருந்து மனிதர்களை அடிமைகளாக விற்ற வியாபாரத்திலும் கம்பெனிக்குப் பங்கு உண்டு. மஞ்சள் சுவரின் அழகைப் பார்க்கும்போது, கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளிடம் இதையும் சொல்லலாம்.

ஊருக்குள் எதை, எந்த வரிசையில் பார்ப்பது?

நுழையும்போதே ஒரு வெள்ளை வாயில் வரும். 1792-ல் கட்டிய ஊர்வாசல் அது. மேலே டேனிஷ் அரச முத்திரை. வண்டியை அதற்கு உள்ளே ஓரமாக நிறுத்திவிட்டு நடப்பதுதான் சரி. வாசலிலிருந்து கடல் வரை நேராகப் போகும் ராஜ வீதியில், மெதுவாக நடந்தாலும் பத்து நிமிடத்தில் அலைச் சத்தம் கேட்கும்.

வழியில் இரண்டு தேவாலயங்கள். இரண்டும் புராட்டஸ்டன்ட், இரண்டும் பக்கத்துப் பக்கத்தில். பிறகு எதற்கு இரண்டு? 1701-ல் வந்த சீயோன் ஆலயம் டேனியர்களுக்கானது. 1718-ல் திறந்த புதிய எருசலேம் ஆலயம் தமிழ்க் கிறிஸ்தவர்களுக்காகக் கட்டப்பட்டது. அந்த இரண்டாவது கோயிலுக்குள்ளும் சாதிவாரியாகத் தனித்தனியே உட்காரும் வழக்கம் இருந்தது. முகப்பில் அரசர் நான்காம் ஃப்ரெடெரிக்கின் முத்திரையைப் பார்க்கலாம். உள்ளேதான் சீகன்பால்க் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்.

பார்த்தலோமேயு சீகன்பால்க் ஜெர்மானியர். 1706 ஜூலை 9-ம் தேதி இங்கே வந்து இறங்கினார். திண்ணைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றுக்கொண்டவர். லண்டனிலிருந்து அச்சு இயந்திரமும், ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து தமிழ் எழுத்துகளும் கப்பலில் வந்தன. அந்த எழுத்துகள் பெரிதாக இருந்ததால் காகிதம் ஏகத்துக்குச் செலவானது. அதனால் சின்ன எழுத்துகளை இங்கேயே வார்த்தார்கள், பக்கத்துப் பொறையாரில் காகித ஆலையே போட்டார்கள். 1715-ல் தமிழில் புதிய ஏற்பாடு முழுதாக அச்சாகி முடிந்தது.

இங்கே ஒரு சின்னத் திருத்தம் தேவை. 'தமிழில் முதல் அச்சுப் புத்தகம் தரங்கம்பாடியில்தான்' என்று பலர் சொல்வார்கள். அது சரியில்லை. போர்த்துகீசியர்கள் 1578-லேயே கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சிட்டுவிட்டார்கள். தரங்கம்பாடியின் பெருமை, தமிழ் அச்சை விடாமல் நடக்கும் ஒரு தொழிலாக மாற்றியதில் இருக்கிறது. சீகன்பால்க் 1719-ல் இறந்தபோது வயது 36 மட்டுமே. அவர் வாழ்ந்த வீடு இப்போது அருங்காட்சியகம். அச்சு வேலை எப்படி நடந்தது என்று பிள்ளைகளுக்குக் காட்ட இதுதான் இடம்.

தெருவின் கடைசியில் டேன்ஸ்போர்க் கோட்டை. 1620-ல் தொடங்கிய கட்டடம், வெளிர் மஞ்சள் நிறம், கடலைப் பார்த்தபடி நிற்கிறது. கீழ்த்தளத்தில் கிடங்குகளும் சிறை அறைகளும்; மேலே ஆளுநரும் பாதிரியாரும் தங்கிய பகுதி. மதம் பரப்ப வந்த சீகன்பால்க்கைக் கம்பெனித் தளபதியே 1708-ல் பிடித்து நான்கு மாதம் சிறை வைத்தது இங்கேதான். வியாபாரத்துக்கு இடைஞ்சல் என்பது தளபதியின் கணக்கு. தமிழ்நாடு தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் உள்ளே இருக்கிறது. வார விடுமுறை உண்டு, மதிய இடைவேளையும் உண்டு. தங்கும் விடுதியில் முந்தின நாளே கேட்டுவிட்டுப் போங்கள்.

கோட்டைக்கு வடக்கே, அலை கிட்டத்தட்டத் தொடும் தூரத்தில் மாசிலாமணிநாதர் கோயில். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306-ல் எழுந்தது. டேனியர்கள் வருவதற்கு முன்னூறு ஆண்டு முன்பே இங்கே வியாபாரப் பட்டினம் இருந்ததற்கு இதுவே சாட்சி. 'சடங்கன்பாடி' என்ற ஊர்ப் பெயரைச் சொல்வதும் இங்குள்ள கல்வெட்டுதான். கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. மிச்சத்தைத் திருப்பணி செய்து, முன்னால் பாறைகளைக் கொட்டிக் காத்து வைத்திருக்கிறார்கள். ஊரில் ஒரே ஒரு இடத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால், கோட்டையைவிட இதற்கே போகலாம். பத்து வருடம் கழித்து வந்தால் கடற்கரை இதே இடத்தில் இருக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது.

'ஓசோன் காற்று' உண்மையா?

தரங்கம்பாடி பற்றிய விளம்பரங்களில் தவறாமல் வரும் வாசகம் இது. கடற்கரைக் காற்றின் அந்தத் தனி வாசனைக்குப் பெரும்பாலும் காரணம், கடல்வாழ் நுண்ணுயிர்கள் வெளிவிடும் கந்தகச் சேர்மங்கள். ஓசோனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. தரைமட்டத்தில் ஓசோன் அதிகமானால் நுரையீரலுக்குக் கெடுதல்தான். ஆஸ்துமா இருக்கும் பாட்டியை 'ஓசோன் பிடிக்க' என்று கடற்கரையில் மணிக்கணக்கில் உட்கார வைக்க வேண்டாம். காற்று நன்றாக இருக்கிறது, அது போதும்.

எப்போது போவது, எப்படிப் போவது?

டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை நல்ல நேரம். அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை. இந்தக் கரையில் புயல் எச்சரிக்கை வந்தால் திட்டத்தை யோசிக்காமல் தள்ளிவைக்க வேண்டும். கோடை விடுமுறைதான் வழி என்றால், காலை 6 முதல் 9 வரையும், மாலை 4-க்குப் பிறகும் மட்டும் வெளியே போங்கள். ராஜ வீதியில் நிழல் குறைவு.

ரயிலில் என்றால் மயிலாடுதுறையில் இறங்கி, சுமார் 30 கிலோமீட்டர் பஸ் அல்லது கார். 1926-ல் மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்கே ரயில் பாதை வந்தது, 1980-களில் மூடிவிட்டார்கள். திரும்ப வேண்டும் என்ற கோரிக்கை இன்றும் உயிரோடு இருக்கிறது. சென்னையிலிருந்து காரில் ஏறக்குறைய 280 கிலோமீட்டர்.

வாடகை வண்டியில் வருபவர்களுக்கு ஒரு முக்கிய விஷயம்: காரைக்கால் புதுச்சேரி யூனியன் பிரதேசம். எல்லை தாண்டப் பர்மிட் தேவைப்படும். அந்தச் செலவு யாருடையது என்று டிரைவரிடம் கிளம்பும் முன்பே பேசிவிடுங்கள்; பாதி வழியில் நின்று வாக்குவாதம் பண்ணுவதைவிட அது மேல்.

சுபகாரியத்தோடு சேர்த்து எப்படித் திட்டமிடுவது?

பலர் செய்யும் தவறு, திருக்கடையூரில் ஹோமம் முடித்த கையோடு உச்சி வெயிலில் கோட்டைக்குக் கிளம்புவது. பட்டுப்புடவையில் இருக்கும் பெரியவர்களுக்கு அது தண்டனை. ஹோமம் அதிகாலையில் தொடங்குவதால் அவர்களுக்குத் தூக்கமும் குறைந்திருக்கும். சாப்பாடு முடிந்து ஓய்வு, மாலை தரங்கம்பாடிக்கு வந்து கடற்கரை, இரவு அங்கேயே தங்கல், மறுநாள் சூரிய உதயம், பிறகு கோட்டை திறக்கும் நேரத்துக்கு உள்ளே. இப்படி வைத்துக்கொண்டால் யாரும் களைப்பாக மாட்டார்கள். அரசின் ஹோட்டல் தமிழ்நாடும், கடலைப் பார்த்த பாரம்பரிய பங்களா விடுதியும் இருக்கின்றன. அறைகள் குறைவு என்பதால், முகூர்த்த மாதங்களில் மண்டபத்தோடு சேர்த்து இதையும் முன்பதிவு செய்வது அவசியம். சாப்பாட்டுக்கு ஊருக்குள் பெரிய தேர்வு இல்லை. பொறையாரோ காரைக்காலோ போக வேண்டும்.

இன்னொரு நாள் கையில் இருந்தால் இரண்டு திசை இருக்கிறது. வடக்கே பூம்புகார், சிறு பிள்ளைகள் இருந்தால் இன்னும் மேலே போய் சிதம்பரம் பக்கம் பிச்சாவரம் அலையாத்திக் காட்டில் படகுச் சவாரி. படகில் லைஃப் ஜாக்கெட் போடாமல் ஏறாதீர்கள். தெற்கே சுமார் 15 கிலோமீட்டரில் 1739-ல் பிரெஞ்சுக்காரர்கள் வாங்கிய காரைக்கால், அம்மையார் கோயில், அதற்குக் கீழே நாகூர் தர்கா, டச்சுக்காரர்கள் நூற்றாண்டுக்கு மேல் வைத்திருந்த நாகப்பட்டினம், வேளாங்கண்ணி. ஒரே சாலையில் மூன்று ஐரோப்பிய நாடுகளும் மூன்று மதங்களும் வந்துவிடும். திருநள்ளாறு போவதாக இருந்தால் சனிக்கிழமையைத் தவிர்த்தால் நிம்மதி.

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வருபவர்கள் கல்பாக்கத்தை ஒட்டிய சதுரங்கப்பட்டினம் டச்சுக் கோட்டையில் அரை மணி நேரம் நிறுத்தலாம். புதுச்சேரியில் ஒரு இரவு தங்கலாம். அங்கே 'பிரெஞ்சுக்காரன் கட்டின முதல் ஊர்' என்று கைடு யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்: 1761-ல் ஆங்கிலேயர்கள் அதைத் தரைமட்டமாக்கிவிட்டார்கள், இப்போது பார்ப்பது அதற்குப் பிறகு எழுந்தது.

தரங்கம்பாடி மட்டும் எப்படி மாறாமல் நின்றது?

வளராமல் போனதால்தான். 1845-ல் டென்மார்க், தரங்கம்பாடியையும் வங்காளத்தின் செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயக் கம்பெனிக்கு விற்றது. பிறகு ரயிலும் துறைமுகமும் நாகப்பட்டினத்துக்குப் போனது. வியாபாரிகளும் பின்னாலேயே போனார்கள். இடித்துக் கட்ட இங்கே யாருக்கும் பணமோ தேவையோ இருக்கவில்லை.

கடலில் இறங்கலாமா?

கால் நனைப்பதோடு நிறுத்துங்கள். இழுப்பு அதிகம், பாறைகள் வேறு வழுக்கும். 2004 டிசம்பர் 26 சுனாமியில் இந்த ஊரின் மீனவக் குடும்பங்கள் ஏராளமானோரை இழந்தன. கடற்கரையில் வலை பின்னிக்கொண்டிருக்கும் ஒருவரிடம் 'இன்னைக்குக் கடல் எப்படி இருக்குண்ணே?' என்று கேட்டுவிட்டுப் பிள்ளைகளை விடுங்கள். அவர் வேண்டாம் என்றால், வேண்டாம்.