கோல்ட்ஸ்வர்தி, ஆண்டி

ஆண்டி கோல்ட்ஸ்வர்தி (பி. 1956) இலை, முள், களிமண், பனி, கல் ஆகியவற்றைக் கொண்டு வெட்டவெளியில் சிற்பம் செய்யும் பிரிட்டானியச் சிற்பி. செஷயரில் பிறந்து யார்க்‌ஷயரில் வளர்ந்தார். தந்தை கணிதப் பேராசிரியர். பதின்ம வயதில் பண்ணைகளில் வேலை பார்த்தவர், பின்னர் பிராட்ஃபோர்டிலும் பிரெஸ்டனிலும் கலை பயின்றார். 1980களின் நடுவில் ஸ்காட்லாந்தின் பென்பான்ட் என்னும் சிற்றூரில் குடியேறினார்.

தொடக்ககால ஆக்கங்கள் பெரும்பாலும் நிலைத்து நில்லாதவை. பசையோ ஆணியோ கிடையாது. இலைகளை முள்ளால் தைத்தார். பனிக்குச்சியின் முனையை எச்சிலால் நனைத்து, உறைந்து பிடிக்கும்வரை விரல் விறைக்கப் பிடித்திருந்தார். வெயில் ஏறினால் எல்லாம் போய்விடும். புகைப்படம் மட்டுமே மிஞ்சும். அந்தப் படம் வெறும் பதிவா, அதுவே படைப்பா என்பதில் திறனாய்வாளரிடையே ஒத்த கருத்து இல்லை. அவரை அமெரிக்க நிலக்கலை மரபில் வைப்பதும் எல்லோருக்கும் உடன்பாடன்று.

அவருடைய படைப்புகளில் மிகுதியாக எழுதப்பட்டது, நியூயார்க் மாநிலத்தின் ஸ்டார்ம் கிங் கலை மையத்தில் 1997-98இல் எழுந்த கற்சுவர். அங்கே பழைய பண்ணைச் சுவர் ஒன்று இடிந்து கிடந்தது. அதன் தடத்தைப் பற்றியே புதுச்சுவர் தொடங்குகிறது. சாந்து பூசாமல் கல்லோடு கல் பொருத்திக் கட்டும் பிரிட்டானியக் கைவினைஞர்கள், அந்நிலத்திலேயே கிடைத்த கற்களைக் கொண்டு கட்டினர். முதலில் திட்டமிட்டது சுமார் 750 அடிதான். ஓர் ஓக் மரத்தடியில் முடிந்திருக்க வேண்டியது. வேலை நடக்க நடக்கச் சுவர் நீண்டு 2,278 அடியாயிற்று. உயரம் ஐந்து அடி. ஒரு மரத்தைக்கூட வெட்டவில்லை. எதிர்ப்பட்ட ஒவ்வொரு மரத்தையும் இடமும் வலமுமாகச் சுற்றி வளைந்து, சரிவில் இறங்கிக் குளத்துக்குள் மூழ்கி, மறுகரையில் எழுந்து நெடுஞ்சாலையை நோக்கி நேராக மேடேறுகிறது.

2000ஆம் ஆண்டுக் கோடையில், ஸ்காட்லாந்துப் பனியை உருட்டிக் குளிர்கிடங்கில் காத்துவைத்த 13 பெரிய பனியுருண்டைகளை லண்டன் தெருக்களில் வைத்தார். உருக உருக உள்ளிருந்து ஆட்டு ரோமமும் பைன் காய்களும் வாற்கோதுமையும் முள்கம்பியும் வெளிப்பட்டன.

தாமஸ் ரீடல்ஷைமர் எடுத்த ‘நதிகளும் ஓதங்களும்’ (2001) ஆவணப்படம் அவரைப் பரவலாக அறியச் செய்தது. நியூயார்க் யூத மரபு அருங்காட்சியகத்தில் ‘கற்களின் தோட்டம்’ 2003இல் அமைந்தது: 18 பாறைகளைக் குடைந்து, ஒவ்வொன்றிலும் ஓர் ஓக் கன்று நடப்பட்டது. 2008இல் சான் பிரான்சிஸ்கோவின் பிரெசிடியோவில் சைப்ரஸ் மரங்களால் எழுப்பிய ‘கோபுரம்’ 2020இல் தீயில் கருகியது.

2025இல் எடின்பரோவில் அவருடைய ஐம்பதாண்டுப் பணியைக் காட்டும் பெருங்கண்காட்சி நடைபெற்றது.