கடன் கொப்பியும் ஓராண்டு எல்லையும்

கடனுக்குச் சரக்கு அனுப்பிவிட்டுப் பணத்துக்காக அலையும் புறக்கோட்டை வர்த்தகர்கள் சட்டத்தை அறிந்திருத்தல் அவசியமெனக் கருதுகின்றோம்.

1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்தின்படி, தவணை கடந்தும் பணம் கிடைக்காதவிடத்து, விற்றவர் தம் கைவசமுள்ள சரக்கைத் தடுத்து வைக்கலாம். வாங்கியவர் கடனிறுக்க வகையற்றவராயின், வழியிலுள்ள சரக்கையும் மறிக்கலாம். அறிவித்தல் கொடுத்து, நியாயமான காலத்தினுள் பணம் வராவிடின், மறுவிற்பனையும் செய்யலாம்.

சரக்கு கைமாறிய பின்னரோ வழக்கொன்றே வழி. அங்கேதான் பலர் ஏமாறுகின்றனர். கடைப் பற்றுச்சீட்டுக்கும் ஏட்டுக்கடனுக்கும் 1871ஆம் ஆண்டின் காலவிதிப்புக் கட்டளைச் சட்டம் தரும் அவகாசம், பணம் செலுத்தவேண்டிய நாளிலிருந்து ஓராண்டு மட்டுமே. எழுத்திலான ஒப்பந்தமாயின் ஆறாண்டுகள். “பெருநாள் கழியட்டும்”, “தீபாவளி போகட்டும்” என்னும் வாய்மொழித் தவணைகள் அக்காலத்தை நீட்டுவதில்லை. கடனை ஒப்புக்கொண்டு கடனாளி கையொப்பமிட்ட எழுத்து நீட்டும்.