ஓடாமல் நிண்ட எஞ்சின்

போன மாசம் எங்கட குழுவுக்கு ஒரு பழைய மொடல் ரயில் வந்து சேர்ந்தது. எங்களில் ஒருவரின் பெரியப்பா லண்டனில் இருந்து வரேக்க கொண்டுவந்தது. ஒரு எஞ்சின், இரண்டு பெட்டி, வட்டமாய்ப் பூட்டுகிற தண்டவாளத் துண்டுகள், ஒரு கொன்ட்ரோலர். மேசையில் பூட்டி ஓடவிட்டோம். அரை வட்டம் ஓடிச்சு, பிறகு நிண்டுபோச்சு. விரலால் தள்ளினால் கொஞ்சம் அசைஞ்சு, திரும்பவும் நிண்டது.

"மோட்டர் செத்துப்போச்சு" எண்டு உடனே தீர்ப்புச் சொல்லி எஞ்சினைக் கழற்றினோம். கழற்றின அவசரத்தில் உள்ளே இருந்த சின்ன ஸ்பிரிங் ஒண்டு பாய்ஞ்சு எங்கேயோ போய் விழுந்தது. அதைத் தேட ஒரு மணித்தியாலம். கடைசியில் பார்த்தால் மோட்டரில் ஒரு பிழையும் இல்லை. பிழை வேறிடத்தில். அதைக் கண்டுபிடிக்கப் பட்ட பாட்டில்தான் இந்தப் பொருளின் வரலாற்றைத் தேடி வாசிக்கத் தொடங்கினோம். மொடல் ரயில்களின் வரலாறு, அவை ஏன் நிண்டன என்பதன் வரலாறாகவும் இருக்குது.

1891 இல் ஜெர்மனியின் லைப்சிக் கண்காட்சியில் மேர்க்லின் நிறுவனம் திறப்புப் போட்டு முறுக்கி ஓடவிடும் ரயிலைக் காட்சிக்கு வைத்தது. பொம்மை ரயில்கள் அதற்கு முந்தியும் இருந்தன. ஆனால் ஒரே அளவில் செய்த தண்டவாளத் துண்டுகளைப் பிறகு பிறகு வாங்கிச் சேர்த்து, பாதையை நீட்டிக்கொண்டே போகலாம் என்பதுதான் புதுசு. இங்கிலாந்தின் லிவர்பூலில் மெக்கானோவை உருவாக்கிய ஃபிராங்க் ஹோர்ன்பியும் 1920 இல் முறுக்கு ரயிலோடுதான் இந்தத் துறைக்குள் வந்தார். முறுக்கு ரயில் நிண்டால் காரணம் தேடுவது லேசு. முறுக்கு முடிஞ்சிருக்கும், ஸ்பிரிங் அறுந்திருக்கும், இல்லாட்டி பற்சில்லு தேய்ஞ்சிருக்கும். எஞ்சின் தன்ர சக்தியைத் தானே சுமந்தது. ஆகவே பிழையும் அதுக்குள்ளேயே இருந்தது.

மின்சாரம் வந்ததும் இந்தக் கணக்கு மாறியது. ஹோர்ன்பியின் 1925 ஆம் ஆண்டு மின் ரயில், இடையில் ஒரு பல்பைத் தடையாகப் போட்டு, வீட்டு மின்சாரத்திலேயே ஓடியது. பிள்ளைகள் கைவைக்கிற தண்டவாளத்தில் அவ்வளவு மின்சாரம்! பிறகு குறைந்த வோல்ற்றுக்கு மாறினார்கள். 1938 இல் வந்த ஹோர்ன்பி டப்ளோ 12 வோல்ற்றில் ஓடியது. அதற்கு மூன்று தண்டவாளம். நடுவில் உள்ளதில் மின்சாரம் வரும், வெளியில் உள்ள இரண்டு வழியாகவும் திரும்பும். பார்க்க உண்மையான ரயில் பாதை மாதிரி இல்லை. ஆனால் நடுத் தண்டவாளத்தில் உரசிக்கொண்டு போகும் தகடு அழுக்கையும் துடைத்துக்கொண்டே போகும்.

1959 இல் டப்ளோவும் இரண்டு தண்டவாளத்துக்கு வந்தது. பார்க்க வடிவு. ஆனால் இப்ப ஒரு தண்டவாளம் போகும் வழி, மற்றது திரும்பும் வழி. சில்லும் தண்டவாளமும் தொடுகிற மிகச் சின்ன இடத்தில்தான் எல்லாமே தங்கியிருக்குது. அந்த இடத்தில் மெல்லிசா அழுக்கு இருந்தாலே போதும், சேர்க்கிட் அறுந்திடும்.

திருத்த முடியாத நோயும் ஒண்டு இருக்குது. போருக்கு முந்திய பல மொடல்களின் துத்தநாகக் கலவை வார்ப்புகளில் சிறிதளவு ஈயம் கலந்துவிட்டது. வருசக்கணக்கில் அது உலோகத்தை உள்ளிருந்தே அரித்து, வீங்கி, வெடித்து, பொடியாக்கிவிடும். பெட்டியைத் திறக்காமல் பத்திரமாக வைத்திருந்தாலும் தப்பாது.

அமெரிக்காவின் எம்ஐரி பல்கலைக்கழகத்தில் 1946 இல் மொடல் ரயில் கழகம் ஒன்று தொடங்கியது. அங்கே சிலர் மேசைக்கு மேலே மலையும் ஸ்டேசனும் செய்தார்கள். வேறு சிலர் மேசைக்குக் கீழே, பழைய தொலைபேசி ரிலேக்களையும் வயர்களையும் கொண்டு ரயில்களைக் கட்டுப்படுத்துகிற வேலையைச் செய்தார்கள். "ஹேக்" என்ற சொல் இண்டைக்கு நாங்கள் அறிந்த பொருளில் வளர்ந்தது இந்தக் கீழ்ப்பக்கக் கூட்டத்தில்தான். அவர்களில் சிலர் 1950களின் கடைசியில் பல்கலைக்கழகத்தின் கணினிகளுக்குள்ளும் புகுந்தார்கள். ஸ்டீவன் லெவி 1984 இல் எழுதிய "ஹேக்கர்ஸ்" புத்தகம் இவர்களிடமிருந்துதான் தொடங்குகிறது.

நாங்களும் கடைசியில் மேசைக்குக் கீழே இருந்தவர்களைப் போலத்தான் யோசிக்க வேண்டி வந்தது. ஸ்பிரிங்கைத் தேடிப் போட்ட பிறகு, கொன்ட்ரோலரில் இருந்து இரண்டு வயரை நேரே மோட்டரில் தொட்டோம். சுழண்டது. அப்ப மோட்டரும் சரி, கொன்ட்ரோலரும் சரி. எஞ்சினை வட்டத்தின் வேறு வேறு இடங்களில் வைத்துப் பார்த்தோம். கொன்ட்ரோலருக்குக் கிட்ட ஓடிச்சு, எதிர்ப்பக்கத்தில் நிண்டது. துணியில் ஸ்பிரிட் தொட்டுத் தண்டவாளத்தைத் துடைத்தால் துணி கரியாய் வந்தது. சில்லுகளையும் துடைத்தோம். இரண்டு துண்டுகள் சேருகிற இடத்தில் தளர்ந்திருந்த தகட்டைக் குறட்டால் மெதுவாய் நெரித்தோம். அதுக்குப் பிறகு எஞ்சின் நிக்கவேயில்லை.

அது சுத்திச் சுத்தி ஓடுறதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒருவர் யாழ்தேவியைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினார். 1956 இல் ஓடத் தொடங்கின கோச்சி. 1990 இல் போரால் யாழ்ப்பாணத்துக்கு வருவது நிண்டது. பிறகு தண்டவாளமே கழற்றப்பட்டு, பாதை பற்றைக்காடாய்ப் போச்சு. 2014 ஒக்டோபரில் திரும்ப யாழ்ப்பாணம் வரும்வரை 24 வருசம். எங்களில் கனபேர் வளர்ந்தது கோச்சி வராத ஊரில்தான். ஸ்டேசன் எண்டால் எங்களுக்கு இடிஞ்ச சுவர். ஆனால் அந்த 24 வருசமும் நாட்டின் மற்றப் பக்கங்களில் எஞ்சின்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. எங்களுக்கு இல்லாமல் போனது பாதை.

ஒண்டு ஓடாமல் நிண்டால், நிண்டதையே குற்றஞ்சொல்வது எங்களுக்குப் பழகிப்போச்சு. சோதினையில் பிழைவிட்ட பொடியனுக்கும், வேலை கிடைக்காத பிள்ளைக்கும் இதே தீர்ப்புத்தான். அடுத்தமுறை ஸ்குரூ டிரைவரை எடுக்க முதல் தண்டவாளத்தை ஒருக்காத் துடைச்சுப் பாப்பம்.