கப்பலேறிய கட்டி

இந்த வாரம் ராஜா கதை இல்லை, போர்க்கதையும் இல்லை. ஒரு கட்டியோட கதை.

கடலூர் ஓ.டி. துறைமுகம் பக்கமோ, சிதம்பரம் தேர் வீதிகளிலோ நடந்து பழகியவர்கள் இப்படி ஒரு நாயைப் பார்த்திருப்பீர்கள். பின்பக்கம் காலிஃபிளவர் மாதிரி சிவந்த கட்டி, அதிலிருந்து சொட்டுச் சொட்டாக ரத்தம். "புத்துநோய், இனி பிழைக்காது" என்று சிலர் ஒதுங்கிப் போவார்கள். சிலர் கல்லெடுத்து விரட்டுவார்கள். புற்றுநோய் என்பது பெரும்பாலும் சரிதான். பிழைக்காது என்பதுதான் தப்பு. ஏன்னு சொல்றேன்.

கால்நடை மருத்துவர்கள் இதைச் சுருக்கமாக டி.வி.டி. என்பார்கள். நாய்களின் பால்வினைக் கட்டி. வழக்கமான புற்றுநோய் ஒரு உடம்போட சொந்த செல்லில் தொடங்கும், அந்த உடம்போடயே முடிந்துவிடும். இது அப்படி இல்லை. இனச்சேர்க்கையின்போது, சில சமயம் நக்கும்போதும் மோப்பம் பிடிக்கும்போதும், புற்றுநோய் செல்லே நேரடியாக அடுத்த நாய்க்குத் தாவிவிடும். வைரஸ் கிடையாது, பாக்டீரியாவும் கிடையாது. செல்தான் தொற்று.

1876-லேயே இதற்கு ஒரு தடயம் கிடைத்தது. நொவின்ஸ்கி என்ற ரஷ்யக் கால்நடை மருத்துவர் ஒரு நாயின் கட்டியிலிருந்து சிறு துண்டை எடுத்து இன்னொரு நாய்க்கு வைத்தார். அங்கேயும் கட்டி வளர்ந்தது. முழு நிரூபணத்துக்கு 2006 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. லண்டனில் ராபின் வைஸ் குழுவினர் இத்தாலி, இந்தியா, கென்யா நாய்களின் கட்டிகளை ஆராய்ந்தார்கள். கட்டியின் மரபணு, அதைச் சுமக்கும் நாயின் மரபணுவோடு ஒத்துப்போகவில்லை. ஆனால் கட்டிகள் ஒன்றோடொன்று ஒத்துப்போயின! சாதாரண நாய் செல்லில் 78 குரோமோசோம்கள். இந்தக் கட்டி செல்லில் 57 முதல் 64 வரைதான். அதாவது, என்றோ செத்துப்போன ஒரே ஒரு நாயின் செல்கள்தான் இன்றும் உலகம் முழுக்க வாழ்ந்துகொண்டிருக்கின்றன.

அந்த நாய் எப்போது வாழ்ந்தது? கோடு எழுதுபவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். கிட் ரெப்போவில் கமிட் ஹிஸ்டரி இருப்பதுபோல, செல் பிரியப் பிரிய மரபணுவில் மாற்றங்கள் சேர்ந்துகொண்டே போகும். அதைப் பின்னோக்கிப் படித்தால் எந்தக் கிளை எங்கே எப்போது பிரிந்தது என்று சொல்லலாம். கேம்பிரிட்ஜ் விஞ்ஞானிகள் 546 கட்டிகளை வைத்து 2019-ல் இதைச் செய்தார்கள். விடை: 4000 முதல் 8500 ஆண்டுகளுக்கு முன்பு, ஆசியாவில்.

அடுத்ததுதான் நம்ம ஏரியா. இந்த நோய் பல நூற்றாண்டுகள் ஆசியாவிலும் ஐரோப்பாவிலும் சுற்றியது. சுமார் 500 ஆண்டுகளுக்கு முன்பு ஐரோப்பியர்களோடு அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. அங்கிருந்து ஆப்பிரிக்கா, பிறகு மறுபடியும் இந்தியத் துணைக்கண்டம். அந்த வரைபடமும் காலனித் துறைமுகங்களின் வரைபடமும் பெரும்பாலும் ஒன்றுதான். கடலூரும் அப்படிப்பட்ட துறைமுகம்தானே? தேவனாம்பட்டினத்துக் கோட்டையை ஆங்கிலேயர் 1690-ல் மராட்டியரிடமிருந்து வாங்கினார்கள். பீரங்கிக் குண்டு எதுவரை விழுகிறதோ அதுவரை அவர்களுக்கு என்பது பேச்சு. குண்டு உப்பலவாடி என்ற ஊர்ப்பெயரை அந்தக் கதையோடு சேர்த்துத்தான் இன்றும் சொல்வார்கள். அந்தக் காலத்துக் கப்பல்களில் மிளகும் துணியும் மட்டும் போகவில்லை. நாய்களும் போயின, நாய்க்குள் கட்டியும் போயிற்று.

மருந்தும் ஒரு கடல் பயணிதான். நித்தியகல்யாணி தெரியும்தானே? சுடுகாட்டு மல்லி என்றும் சொல்வார்கள். கடலூர் மணலில் யாரும் தண்ணீர் ஊற்றாமலே பூக்கும் செடி. அதன் சொந்த ஊர் மடகாஸ்கர். சர்க்கரை நோய்க்கு உதவுமா என்று 1950-களில் கனடாவில் அதன் இலைச்சாற்றை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள் ராபர்ட் நோபிளும் சார்லஸ் பியரும். சர்க்கரை குறையவில்லை, வெள்ளை அணுக்கள் குறைந்தன. அந்தப் பாதையில் வந்த மருந்துகளில் ஒன்று வின்கிரிஸ்டின். குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் அதே மருந்துதான் இந்த நாய்களுக்கும். வாரம் ஒரு ஊசி, பெரும்பாலும் நான்கு முதல் ஆறு வாரம். பெரும்பாலான நாய்கள் முழுமையாகக் குணமாகிவிடும்.

உடனே இலையைப் பறித்து அரைத்துக் கொடுத்துடாதீங்க, அது விஷம். ஊசி மருந்துகூட நரம்பை விட்டு வெளியே கசிந்தால் சதையை அரித்துவிடும். மருத்துவர் கையால்தான் போட வேண்டும்.

இன்னொன்று. நாய் உடம்பில் தட்டுப்படும் எல்லாக் கட்டியும் இது இல்லை. தோலுக்கு அடியில் மெத்தென்று நகர்வது பெரும்பாலும் வெறும் கொழுப்புக் கட்டி. பெண் நாயின் மடியில் வரும் கட்டியைத் தள்ளிப்போடவே கூடாது. தொட்டுப் பார்த்து மட்டும் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. மெல்லிய ஊசியால் கொஞ்சம் செல் எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்க்கணும். டி.வி.டி.யைப் பெரும்பாலும் அதிலேயே கண்டுபிடித்துவிடலாம்.

இது மனுஷங்களுக்குத் தொற்றாது. கருத்தடை செய்த நாய்கள் கூடிய தெருவில் இது பரவ வழியும் குறைவு. அதனால் அடுத்த முறை அப்படி ஒரு நாயைப் பார்த்தால் கல்லைக் கீழே போடுங்க. பக்கத்துக் கால்நடை மருத்துவமனைக்கோ, விலங்கு நல அமைப்புக்கோ ஒரு போன் பண்ணுங்க. ஆயிரக்கணக்கான வருஷமாகச் சாகாத அந்தக் கட்டி, உங்க தெருவில் ஆறு வாரத்தில் முடிந்துபோகலாம்.

அடுத்த வாரம் சந்திப்போம் மக்களே.